அச்சுக்குப் பெயர் எழுதுங்கள்

இன்று ஒரு வரைபடம் போட ஒரு நிமிடம் கூட வேண்டாம். எண்களைக் கணினியில் கொட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் கோடு வந்து நிற்கிறது. அது எதன் கோடு, எந்த அலகில் அளந்தது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று நான்கு வார்த்தை எழுதத்தான் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் படங்களிலும், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் திரையில் காட்டும் படங்களிலும், சில சமயம் பரிசோதனை நிலையங்கள் தரும் அறிக்கைகளிலும் இதே கதைதான்.

கோடு போடுவது மென்பொருளின் வேலை, கோட்டுக்குப் பெயர் எழுதுவது மனிதனின் வேலை என்பது என் கட்சி. பெயர் எழுதாத வரைபடத்தை யார் கொடுத்தாலும் நம்ப வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்றுகூடச் சொல்வேன். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் வரைபடத்தாளில் கோடு போட்டது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வலது மேல் மூலையில் 'அளவுத்திட்டம்' என்று எழுதி, எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = இத்தனை அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = இத்தனை அலகு என்று குறிக்க வேண்டும். கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். வாத்தியாருக்கு வேறு வேலையில்லை என்று அப்போது நினைத்தோம். பிறகு நானே கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போனபோது, மாணவர்களின் ரெக்கார்ட் நோட்டில் முதலில் பார்த்தது அந்த மூலையைத்தான். அது இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் இருப்பது வெறும் கோலம்.

அந்தக் காலத்தில் ஆய்வேட்டுக்குப் படம் போடுவது பெரிய வேலை. ட்ரேசிங் தாளில் ராட்ரிங் பேனாவால் கோடு போட்டு, ஸ்டென்சில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக எழுத வேண்டும். தப்பு வந்தால் பிளேடால் மையைச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்திச் சுரண்டினால் தாள் கிழிந்துவிடும், படம் மொத்தமும் மறுபடி. ஓர் எழுத்துக்கு இவ்வளவு பாடு என்பதால் எதை எழுதுவது, எங்கே எழுதுவது, எவ்வளவு பெரிதாக எழுதுவது என்று யோசித்தே பேனாவைத் தொடுவோம். அந்தப் பாடு திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதோடு சேர்ந்து யோசனையும் போய்விட்டதே என்பதுதான் வருத்தம்.

இப்போது மென்பொருள் தானாகவே சிலவற்றை எழுதித் தருகிறது. எக்செல்லில் தலைப்பில்லாத எண்களைக் கொடுத்துப் படம் கேட்டால் 'சார்ட் டைட்டில்' என்று மேலே எழுதி, கோட்டுக்கு 'சீரிஸ்1' என்று பெயர் வைத்துவிடும். அது ஒரு காலி இடம், நீங்கள் நிரப்புங்கள் என்று அர்த்தம். நம் ஆட்கள் அப்படியே அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். 'சார்ட் டைட்டில்' என்ற தலைப்போடு ஒட்டியிருக்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

விஞ்ஞானிகள் பயன்படுத்தும் மென்பொருள்களும் இந்த விஷயத்தில் மேல் இல்லை. க்னூபிளாட் என்று ஒன்று உண்டு. தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி இருவரும் 1986-இல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், எண்கள் இருந்த கோப்பின் பெயரையே கோட்டின் பெயராக மூலையில் எழுதிவிடும். பெயரை நீங்களே எழுதும்போது அதில் அடிக்கோடு இருந்துவிட்டால் இன்னும் வேடிக்கை. அடிக்கோட்டுக்கு அடுத்த எழுத்தைக் கீழே இறக்கிச் சின்னதாக எழுத வேண்டும் என்று அது புரிந்துகொள்ளும். மழை_2 என்று வைத்த பெயர், ஏதோ ரசாயனச் சூத்திரம் போல நிற்கும்.

மேட்பிளாட்லிப் என்பது பைத்தான் மொழியில் எழுதுபவர்கள் பயன்படுத்துவது. ஜான் ஹண்டர் என்ற அமெரிக்கர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் படமாகப் பார்ப்பதற்காகத் தொடங்கி, 2003-இல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2012-இல் இளம் வயதிலேயே காலமானார். அவர் கொடுத்த கருவி அச்சுகளின் பக்கத்தில் எதையும் எழுதாது, வெறுமையாக விட்டுவிடும். ஒரு வகையில் அதுவே நேர்மை. பெயிண்டர் சுவருக்கு வண்ணம் அடிப்பார், வாசலில் யார் பெயரை எழுதுவது என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். கொடுத்த எண்கள் மழையா சர்க்கரையா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

சர்க்கரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு நண்பர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பேரன் கணினியில் கோடாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான். கோடு முதலில் உச்சியில் இருந்தது, பிறகு மடமடவென்று இறங்கித் தரையோடு தரையாக ஓடியது. "சார், பாருங்க, எப்படி இறங்கிடுச்சு! மாத்திரையைப் பாதியாக் குறைச்சிடலாமான்னு பார்க்கறேன்" என்றார். எண்கள் பொடி எழுத்தில் இருந்ததால் அவருக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை. கோடு மட்டும் தெரிந்தது.

விசாரித்தால், முதல் இரண்டு அளவுகள் இங்கே பரிசோதனை நிலையத்தில் எடுத்தவை: 138, 146. அதன் பிறகு சிங்கப்பூரிலிருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த மீட்டரில் எடுத்தவை: 7.9, 8.1, 7.8. இங்கே சர்க்கரையை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, கனடா எல்லாம் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று சொல்கின்றன. அதை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். 7.9 என்பது 142, 8.1 என்பது 146, 7.8 என்பது 140. அதாவது அவருடைய சர்க்கரை ஒரு புள்ளி கூட இறங்கவில்லை. பெருக்கி மறுபடி கோடு போட்டபோது மேசை மாதிரி தட்டையாக வந்தது. மாத்திரை தொடர்ந்தது.

பேரன் மேல் குற்றமில்லை. கொடுத்த எண்களைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். ஆனால் அச்சின் பக்கத்தில் 'ரத்தச் சர்க்கரை, டெசிலிட்டருக்கு மில்லிகிராம்' என்று எழுத உட்கார்ந்திருந்தால், மீட்டரில் வேறு அலகு இருப்பது அப்போதே அவன் கண்ணில் பட்டிருக்கும். அலகை எழுதுவது பார்ப்பவருக்கு மட்டுமான உபகாரம் இல்லை. போடுபவரே தன் எண்களை ஒரு தடவை விசாரிப்பதற்கு அது ஒரு வாய்ப்பு.

நம் வயதில் வீட்டுக்கு வரும் படங்களில் பாதி மருத்துவப் படங்கள். இ.சி.ஜி. தாளை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் நொடிக்கு 25 மி.மீ., ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. என்று ஆங்கிலத்தில் சுருக்கமாகப் போட்டிருக்கும். அதுதான் அந்தப் படத்தின் அளவுத்திட்டம். அதன்படி ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. இரண்டு துடிப்புக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதால் வகுத்தால் நாடித்துடிப்பு கிடைக்கும். தாள் 50 மி.மீ. வேகத்தில் ஓடியிருந்தால் துடிப்புகள் இரட்டிப்பு தூரம் விலகி நிற்கும், 80 துடிப்பு 40 போலத் தெரியும். அதனால்தான் அந்தப் பொடி எழுத்தை அச்சடிக்காமல் எந்தக் கருவியும் தாளைத் துப்புவதில்லை.

காது பரிசோதனைப் படமும் அப்படியே. அதில் பூஜ்யம் மேலே இருக்கும், எண்கள் கீழே போகப் போகப் பெருகும். கோடு கீழே இருந்தால் காது மந்தம். சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இந்த ஏற்பாட்டை அச்சில் எழுதாமல் கொடுத்தால் படத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது நிச்சயம்.

இன்னோர் ஆபத்து எழுத்துருவில் இருக்கிறது. மைக்ரோ என்பதற்கு 'மியூ' என்ற கிரேக்க எழுத்தைப் போடுவார்கள். முன்பெல்லாம் அதை எழுத 'சிம்பல்' என்ற எழுத்துருவை எடுத்துக்கொண்டு ஆங்கில 'எம்' பொத்தானைத் தட்டுவோம். அந்தக் கோப்பை அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் திறந்தால் மியூ போய் எம் வந்து நிற்கும். மைக்ரோகிராம் மில்லிகிராமாகிவிடும். ஆயிரம் மடங்கு! தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தெரியும், அதன் அளவெல்லாம் 50, 100 மைக்ரோகிராம். மருந்துப் பாதுகாப்பு பற்றிப் பேசுபவர்கள் கிரேக்க எழுத்தே வேண்டாம், 'எம்சிஜி' என்று எழுதுங்கள் என்று வற்புறுத்துவதன் நியாயம் இதுதான். தமிழில் 'மைக்ரோகிராம்' என்று முழுசாக எழுதிவிட்டால் தொல்லையே இல்லை.

மருத்துவத்தை விடுங்கள், மேட்டூர் அணையை எடுத்துக்கொள்வோம். முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒருவர் அணையின் வரைபடம் என்று அனுப்புகிறார், கோடு 60-இல் நிற்கிறது. அடியா, டி.எம்.சி.யா, சதவீதமா? 60 அடி என்றால் உயரம் பாதி. ஆனால் அணையின் வயிறு கீழே குறுகி மேலே அகன்றிருப்பதால் தண்ணீர் பாதிக்கு மிகவும் குறைவாகவே இருக்கும். 60 டி.எம்.சி. என்றால் பாதிக்கும் மேல். ஒரே எண், ஒரு வார்த்தை எழுதாததால் குறுவைக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பதே மாறிப்போகிறது.

சரி, எழுதினால் மட்டும் போதுமா? படிக்கும்படி எழுத வேண்டாமா?

மேட்பிளாட்லிப்பில் படத்தின் அகலம் 6.4 அங்குலம், எழுத்து 10 புள்ளி. கணினித் திரையில் நன்றாகத்தான் தெரியும். அதையே இரண்டு பத்தி உள்ள பக்கத்தில் ஒரு பத்திக்குள் பாதியாகச் சுருக்கி வைத்தால் எழுத்து 5 புள்ளியாகிவிடும். கோடு சுருங்கினாலும் கோடாகத் தெரியும், எழுத்து சுருங்கினால் கொசு. எங்கே அச்சாகப் போகிறது, எவ்வளவு அகலத்தில் என்று முதலிலேயே தீர்மானித்து அந்த அகலத்திலேயே படத்தைப் போட வேண்டும். ஒரு வரி மாற்றினால் முடிகிற காரியம்.

அடுத்தது, மூலையில் ஒரு பெட்டி போட்டு, நீலம் இது, ஆரஞ்சு அது, சாம்பல் மற்றது என்று பட்டியல் கொடுக்கிற வழக்கம். கண் கோட்டுக்கும் பெட்டிக்குமாக நடந்து களைத்துவிடும். கண்புரை வந்தவர்களுக்கு நீலமும் சாம்பலும் ஒன்று. நிறக்குருடு உள்ளவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் எல்லோருக்குமே எல்லாம் ஒன்று. கோட்டின் பக்கத்திலேயே அதன் பெயரை எழுதிவிட்டால் என்ன?

இது புது யோசனை அல்ல. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786-இல் இங்கிலாந்தின் வியாபாரக் கணக்கை முதன்முதலாகக் கோட்டுப் படங்களாக வெளியிட்டார். டென்மார்க், நார்வேயோடு நடந்த வியாபாரத்தைக் காட்டும் படத்தில் இறக்குமதிக் கோட்டின் மேலேயே இறக்குமதி என்றும், ஏற்றுமதிக் கோட்டின் மேலேயே ஏற்றுமதி என்றும் எழுதினார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில் லாபம் யார் பக்கம் என்றும் எழுதினார். கீழ்க் கோடு ஆண்டுகள், வலப்பக்கக் கோடு பவுன் என்று அடியில் விளக்கமும் கொடுத்தார். வரைபடம் என்றால் என்னவென்றே அறியாத வாசகர்களுக்காகப் போட்டதால் அவ்வளவு அக்கறை. இத்தனைக்கும் செப்புத் தகட்டில் செதுக்கிய எழுத்துகள்.

ஒய் அச்சின் பெயரைச் செங்குத்தாகத் திருப்பி எழுதுவது இன்னொரு தொல்லை. படிக்கத் தலையைச் சாய்க்க வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது தண்டனை. அச்சின் உச்சியில் படுக்கை வசமாக எழுதலாம். எந்த மென்பொருளும் இதற்கு மறுப்பு சொல்வதில்லை, கேட்டால் செய்யும்.

பெரிய எண்கள் வரும்போது மேட்பிளாட்லிப் ஒரு தந்திரம் செய்யும். அச்சில் 0.5, 1.0, 2.5 என்று போட்டுவிட்டு, மேல் மூலையில் 1, ஆங்கில 'இ', 6 என்று சேர்த்து ஒரு குறியை வைக்கும். பத்து லட்சத்தால் பெருக்கிக்கொள் என்று அர்த்தம். தெரியாதவர் 2.5 என்று படிப்பார், உண்மையில் அது 25 லட்சம். லட்சம், கோடி என்று பேசுகிற மக்களுக்குப் படம் போட்டால் லட்சத்திலேயே எழுதி, அச்சின் பக்கத்தில் 'லட்சம் ரூபாய்' என்று குறிக்க வேண்டும். தேதியும் அப்படியே. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவிலிருக்கும் மகளுக்கு மார்ச் 4. 'ஏப். 3' என்று எழுதிவிட்டால் சண்டையில்லை.

'இவ்வளவு எழுதினால் படம் நெரிசலாகாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. எட்வர்ட் டஃப்டி 1983-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில், தகவல் தராத மை படத்தில் வேண்டாம் என்று வாதாடினார். அதைப் பிடித்துக்கொண்டு பெயர்களையும் அழித்துவிடுகிறார்கள். அவர் அழிக்கச் சொன்னது தேவையற்ற கட்டங்களையும் அலங்காரங்களையும். அவரே சொற்களைப் படத்துக்குள் எழுத வேண்டும் என்று சொன்னவர். முப்பரிமாணத் தூண், நிழல், பின்னணிப் படம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் எழுத வேண்டியதை எழுத இடம் தாராளமாகக் கிடைக்கும்.

கடைசியாகத் தமிழ். விஞ்ஞானப் படத்தில் ஆங்கிலம்தானே வழக்கம் என்பார்கள். ஆய்விதழுக்கு அனுப்பும் படத்தில் ஆங்கிலம் இருக்கட்டும், நானும் அப்படித்தான் அனுப்பினேன். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் நிலத்தடி நீர்ப் படத்திலும், விவசாயிக்குக் கொடுக்கும் மண் பரிசோதனைப் படத்திலும், நோயாளியின் கையில் கொடுக்கும் படத்திலும் யாருக்காக ஆங்கிலம்?

இதில் மென்பொருளின் குறையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மேட்பிளாட்லிப் தன்னோடு கொண்டுவரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. தமிழில் எழுதினால் வெறும் கட்டங்கள் வரும். லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுத்தால் எழுத்து வரும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். யூனிகோடில் 'வெ' என்பது முதலில் வ, பிறகு கொம்பு என்ற வரிசையில் இருக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது திரையில் எழுதும் நிரலின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அது பல ஆண்டுகளாக ஏற்கவில்லை. 'வெப்பநிலை' என்று எழுதினால் வ-வின் கொம்பு அதைத் தாண்டிப் போய் ப-வின் முன்னால் நிற்கும், ஐகாரக் கொம்பு ல-வின் பின்னால் வாலாகத் தொங்கும். இதைப் பார்த்து, 'கணினியில் தமிழ் வராது சார்' என்று கைகழுவிவிடுகிறார்கள்.

வரும். எக்செல்லிலும் லிப்ரே ஆபீஸிலும் சரியாகவே வருகிறது. க்னூபிளாட்டில் 'பிஎன்ஜி கெய்ரோ' என்ற வெளியீட்டு முறையைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்தில் நிற்கும். மேட்பிளாட்லிப்பில் படத்தை எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து, எழுத்தை ஓவியமாக மாற்றாமல் எழுத்தாகவே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதை உலாவியில் திறந்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். பேரன் பேத்திகள் இந்த வேலையில் இருந்தால் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள்.

நம்மிடம் நீட்டப்படும் படத்துக்கு நாம் கேட்க வேண்டியது இவ்வளவே: இது எதன் அளவு? எந்த அலகு? எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை? எண்கள் எங்கிருந்து வந்தன? மருத்துவமனையோ, சங்கமோ, வங்கியோ, எங்கே கொடுத்தாலும் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. புரியாதது நம் வயதின் குறை என்று எதிரே இருப்பவர் நினைத்துக்கொள்ளட்டும், பதில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் போதும். ஒரு பேனாவை எடுத்து அச்சின் பக்கத்தில் அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாமல் அவர் முழித்தால், அந்தப் படம் அவருக்கும் புரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.